வெளிநாட்டு டீமோடு பேசும்போது வரும் ஆங்கில மரபுத்தொடர்கள்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் இடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அடிக்கடி சொல்வது இது: "பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் தெரிந்த வார்த்தைதான். ஆனால் என்ன சொன்னார் என்றுதான் பிடிபடவில்லை." இலக்கணத்தில் குறை இல்லை. உச்சரிப்பு போகப்போகப் பழகிவிடும். இடறுவது பெரும்பாலும் மரபுத்தொடரில்தான். ஒருவன் கம்பி நீட்டிவிட்டான் என்று நாம் சொன்னால் அங்கே கம்பியும் இல்லை, நீட்டுவதும் இல்லை. கேட்கிற தமிழருக்கு அதை விளக்கவும் தேவையில்லை. லண்டன்காரருக்கும் சிகாகோக்காரருக்கும் அவர்களுடைய தொடர்கள் அப்படித்தான். அலங்காரமாகப் பேசவேண்டும் என்று அவர்கள் மெனக்கெடுவதில்லை, வாயில் வருவதே அதுதான்.

ஆயிரம் தொடர்களை அகர வரிசையில் அடுக்கிய புத்தகத்தை வாங்கி மனப்பாடம் செய்யுங்கள் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அந்தப் பட்டியல்களில் பல தொடர்கள் இன்று பேச்சில் அபூர்வம். 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' நாம் பள்ளியில் படித்ததுதான். ஆனால் இங்கிலாந்தில் மழை கொட்டும்போது பக்கத்தில் நிற்பவர் 'இட்ஸ் பக்கெட்டிங் டவுன்' என்று சொல்லவே வாய்ப்பு அதிகம். யார், யாரிடம், எந்த நேரத்தில் சொல்வார் என்பது பட்டியலில் இருக்காது. வேலையில் நமக்கு வேண்டியது அதுதான். ஆகவே கீழே உள்ள வரிசையில் போங்கள். முதலில் காது பழகட்டும், வாய் அப்புறம்.

முதல் படி: அடையாளம் கண்டு, அங்கேயே உறுதி செய்துகொள்ளுங்கள்

மரபுத்தொடரைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல அறிகுறி உண்டு. பேச்சு திடீரென்று விஷயத்தை விட்டு வேறெங்கோ போவதுபோல் இருக்கும். பட்ஜெட் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் விளையாட்டு மைதானத்துக்குப் போய்விடுவார். வேலை நேரத்தைப் பற்றிப் பேசியவர் படகில் ஏறிவிடுவார். அப்படி நடந்தால் நேரடிப் பொருளைத் தேடாதீர்கள். அவர் நம்மிடம் ஏதாவது கேட்கிறாரா, மறுக்கிறாரா, ஒத்துக்கொள்கிறாரா என்று மட்டும் பாருங்கள்.

ஒரு உதாரணத்தை நிதானமாகப் பார்ப்போம். அமெரிக்க மேனேஜர் கேட்கிறார்: 'கேன் யூ கிவ் மீ எ பால்பார்க் ஃபிகர்?' பால்பார்க் என்றால் பேஸ்பால் மைதானம். பால்பார்க் ஃபிகர் என்றால் உத்தேசக் கணக்கு. புதிதாக வந்தவர் 'எஸ், ஐ வில் செண்ட் இட் டுமாரோ' என்று சொல்லிவிட்டு, ராத்திரி முழுக்க உட்கார்ந்து எக்செல்லில் துல்லியமாகக் கணக்குப் போடுகிறார். மேனேஜருக்கு வேண்டியிருந்தது அந்த நிமிஷமே 'மூன்று வாரத்திலிருந்து நான்கு வாரம் ஆகலாம்' என்ற ஒரு பதில். அவருக்கு அது கிடைக்கவில்லை. நம் ஆளுக்குத் தூக்கமும் போயிற்று. 

சந்தேகம் வந்தால், நமக்குப் புரிந்ததைச் சாதாரண ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லிப் பார்ப்பதுதான் சரியான வழி. 'ஸோ யூ நீட் எ ரஃப் நம்பர் நவ், ரைட்?' என்றால் போதும். சரி என்றால் அவர் சரி என்பார், இல்லையென்றால் விளக்குவார். சுத்தமாகப் புரியவில்லையென்றால் 'சாரி, வாட் டூ யூ மீன் பை தட்?' என்று கேட்டுவிடுங்கள். இப்படிக் கேட்பதால் மரியாதை குறையாது. புரியாமல் 'எஸ், எஸ்' என்று தலையாட்டிவிட்டு வேலையைத் தப்பாகச் செய்தால்தான் குறையும்.

இரண்டாம் படி: எந்தக் களத்திலிருந்து வந்தது என்று பாருங்கள்

தொடர்களை அகர வரிசையில் படிப்பதைவிட அவை பிறந்த இடத்தை வைத்துப் படித்தால் மனதில் நிற்கும். ஆபீஸ் பேச்சில் நாம் கேட்பவற்றில் பெரிய பங்கு விளையாட்டிலிருந்து வந்தது.

கிரிக்கெட்டில் நமக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது, களம் ஏற்கெனவே தெரியும். 'ஆன் தி பேக் ஃபுட்' என்றால் தற்காப்பு நிலையில் இருப்பது. பின்காலில் போய் ஆடுகிற பேட்ஸ்மேனை நினைத்தாலே பொருள் வந்துவிடும். 'ஆஃப் ஹிஸ் ஓன் பேட்' என்றால் யாரும் சொல்லாமல் தானாகவே ஒன்றைச் செய்தார் என்று பொருள். 'ஸ்டிக்கி விக்கெட்' என்பது இக்கட்டான நிலைமை. ஆடுகளத்தை மூடிவைக்காத காலத்தில் மழையில் நனைந்த பிட்ச் வெயிலில் காயும்போது பந்து எப்படி எழும்பும் என்று சொல்லமுடியாது. பேட்ஸ்மேன் பாடு திண்டாட்டம்தான். இப்போது பிட்சை மூடுகிறார்கள், தொடர் மட்டும் நிலைத்துவிட்டது. 'ஹாட்ரிக்' பிறந்த கதையும் தெரிந்ததுதான். 1858-ல் ஷெஃபீல்டில் ஹெச். ஹெச். ஸ்டீஃபன்சன் அடுத்தடுத்து மூன்று பந்துகளில் மூன்று விக்கெட் எடுத்தார். அவருக்குப் பரிசாக ஒரு தொப்பி தரப்பட்டது. இன்று தொடர்ந்து மூன்று ஆர்டர் பிடித்த விற்பனையாளருக்கும் அதே சொல்தான்.

ஆனால் கிரிக்கெட் தெரியும் என்பதாலேயே தடுக்கி விழவும் வாய்ப்பு உண்டு. 'ஷீ வாஸ் நாக்ட் ஃபார் சிக்ஸ் பை தி நியூஸ்' என்று கேட்டால், சிக்ஸர் என்பதால் ஏதோ நல்ல சேதி என்று தோன்றும். விஷயம் நேர் எதிர். அந்தச் செய்தி அவரை நிலைகுலைய வைத்துவிட்டது என்று பொருள். சிக்ஸர் வாங்கிய பந்துவீச்சாளரின் பக்கத்திலிருந்து பார்த்தால் விளங்கும். வாழ்த்துச் சொல்லிவிடாதீர்கள். 'ஹி ஹேட் எ குட் இன்னிங்ஸ்' என்பதும் அப்படித்தான், பெரும்பாலும் வயதாகி இறந்தவரைப் பற்றிச் சொல்வது. நீண்ட நாள் வேலை பார்த்து ஓய்வு பெறுபவருக்கும் சொல்வதுண்டு. எது என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிரிட்டிஷ் டீமோடு வேலை செய்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது 'பை க்ளோஸ் ஆஃப் ப்ளே'. அன்றைய வேலை நேரம் முடிவதற்குள் என்று பொருள். இங்கே ஒரு கேள்வியும் கேட்டுக்கொள்ளுங்கள்: யாருடைய மாலை? லண்டனில் மாலை 5:30 என்றால் சென்னையிலும் கொழும்பிலும் கோடையில் இரவு 10 மணி, குளிர்காலத்தில் 11. 

அமெரிக்கப் பேச்சில் கிரிக்கெட்டின் இடத்தைப் பேஸ்பால் பிடித்துக்கொள்கிறது. பால்பார்க்கைப் பார்த்தாயிற்று. 'லெட்ஸ் டச் பேஸ் ஆன் மண்டே' என்றால் திங்கட்கிழமை சுருக்கமாக ஒரு பேச்சுப் பேசிக்கொள்வோம் என்று பொருள். பெரிய மீட்டிங்குக்குத் தயாராக வேண்டாம். 'கர்வ்பால்' எதிர்பாராத சிக்கல். 'அவுட் ஆஃப் லெஃப்ட் ஃபீல்ட்' என்றால் எங்கிருந்தோ திடீரென்று வந்தது. 'ஸ்டெப் அப் டு தி ப்ளேட்' என்றால் பொறுப்பை எடுத்துக்கொண்டு முன்னால் வருவது.

'ரெய்ன் செக்' மட்டும் கொஞ்சம் நுட்பமானது. 1880-களில் அமெரிக்காவில் மழையால் பேஸ்பால் ஆட்டம் நின்றுபோனால் இன்னொரு நாள் வந்து பார்க்க ஒரு சீட்டுக் கொடுத்தார்கள், அதுதான் ரெய்ன் செக். நீங்கள் சாப்பிடக் கூப்பிட்டதற்கு 'கேன் ஐ டேக் எ ரெய்ன் செக்?' என்று பதில் வந்தால், இன்றைக்கு முடியாது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்கிறார். சிலர் உண்மையாகவே சொல்வார்கள், சிலருக்கு அது நாசூக்கான மறுப்பு. ஒருமுறை திரும்பக் கூப்பிட்டுப் பாருங்கள், அப்போதும் அதே பதில் என்றால் விட்டுவிடுங்கள்.

மற்ற ஆட்டங்களிலிருந்து வந்த மூன்று போதும். 'தி பால் இஸ் இன் யுவர் கோர்ட்' டென்னிஸ், அடுத்து செய்யவேண்டியது நீங்கள்தான் என்று அர்த்தம். 'மூவிங் தி கோல்போஸ்ட்ஸ்' ஆட்டத்தின் நடுவே விதியை மாற்றுவது. வாடிக்கையாளர் தேவையை மாற்றிக்கொண்டே இருந்தால் டீமுக்குள் இதைச் சொல்வார்கள். அது குற்றச்சாட்டு, வாடிக்கையாளர் முன்னால் சொல்லக் கூடாது. 'ட்ராப் தி பால்' என்றால் ஒப்புக்கொண்ட வேலையைக் கோட்டைவிடுவது.

அடுத்த பெரிய களம் கடல். பிரிட்டன் தீவு நாடு, பாய்மரக் கப்பலில் உலகம் சுற்றியவர்கள், அதனால் ஆச்சரியமில்லை. புதிதாகச் சேர்ந்த உங்களிடம் 'யூ வில் லெர்ன் தி ரோப்ஸ்' என்றால் வேலையின் நெளிவு சுளிவு பழகிவிடும் என்று தைரியம் சொல்கிறார். பாய்மரக் கப்பலில் எந்தக் கயிறு எந்தப் பாயை இழுக்கும் என்று கற்பதுதான் புதிய மாலுமியின் முதல் பாடம். 'ஆல் ஹேண்ட்ஸ் ஆன் டெக்' என்றால் எல்லோரும் கைகொடுக்க வேண்டிய நேரம். 'டோண்ட் ராக் தி போட்' என்றால் இருப்பதைக் கலைக்காதே.

பைபிளிலிருந்து வந்தவை, நாடகங்களிலிருந்து வந்தவை என்று இன்னும் நிறைய உண்டு. வேலைக்கு அவசரமில்லை. 'தி ரைட்டிங் இஸ் ஆன் தி வால்' மட்டும் தெரிந்திருக்கட்டும். தானியேல் புத்தகத்தில் அரசனின் விருந்தில் சுவரில் ஒரு கை எழுதுகிறதே, அந்தக் காட்சியிலிருந்து வந்தது. ஒரு புராஜெக்டைப் பற்றி இப்படிச் சொன்னால் அது நிற்கப்போகிறது என்பதற்கான அறிகுறி தெரிந்துவிட்டது என்று பொருள்.

பிறப்பிடத்தைத் தேடும்போது ஒரு எச்சரிக்கை. வாட்ஸாப்பில் சுற்றும் கதைகளை நம்பாதீர்கள். கூரை வேய்ந்த வீடுகளில் பூனையும் நாயும் கூரைமேல் படுத்திருந்து மழையில் வழுக்கி விழுந்தன, அதனால்தான் அந்த மழைத்தொடர் வந்தது என்று ஒரு கதை உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. 

மூன்றாம் படி: பேசுகிறவர் எந்த நாட்டுக்காரர்?

ஒரே தொடர் பிரிட்டனில் ஒன்றும் அமெரிக்காவில் வேறொன்றும் ஆவது உண்டு. மிகப் பிரபலமான உதாரணம் 'டேபிள்'. பிரிட்டனில் ஒரு விஷயத்தை டேபிள் செய்வது என்றால் விவாதத்துக்குக் கொண்டுவருவது. அமெரிக்காவில் தள்ளிவைப்பது. இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் அதிகாரிகள் ஒரு அறிக்கையை அவசரமாக டேபிள் செய்யவேண்டும் என்றார்கள், அமெரிக்க அதிகாரிகள் கூடவே கூடாது என்று மல்லுக்கு நின்றார்கள். நெடுநேரம் சண்டை போட்ட பிறகுதான் இருவரும் கேட்பது ஒன்றையே என்று தெரிந்ததாக சர்ச்சில் எழுதியிருக்கிறார். நமக்குப் பழகியது பிரிட்டிஷ் வழக்கு. சட்டசபையில் மசோதாவை டேபிள் செய்தார்கள் என்றால் தாக்கல் செய்தார்கள் என்றுதான் படிக்கிறோம். அதனால் அமெரிக்க மீட்டிங்கில் 'லெட்ஸ் டேபிள் திஸ்' என்றால் ஜாக்கிரதை. அடுத்த ஸ்லைடுக்குப் போகச் சொல்கிறார்.

'இட் வெண்ட் லைக் எ பாம்' என்று பிரிட்டிஷ்காரர் சொன்னால் பிரமாதமாக நடந்தது. 'இட் பாம்ப்ட்' என்று அமெரிக்கர் சொன்னால் படுதோல்வி. 

இன்னொரு வகையில் பொருள் ஒன்றுதான், சொல்தான் மாறும். திருஷ்டி படாமல் இருக்க பிரிட்டனில் 'டச் வுட்', அமெரிக்காவில் 'நாக் ஆன் வுட்'. அற்ப விஷயத்துக்குப் பெரிய ஆர்ப்பாட்டம் என்பது பிரிட்டனில் 'ஸ்டார்ம் இன் எ டீகப்', அமெரிக்காவில் 'டெம்பெஸ்ட் இன் எ டீபாட்'. மூடி மறைப்பதை பிரிட்டனில் கார்ப்பெட்டுக்கு அடியில் தள்ளுவார்கள், அமெரிக்காவில் ரக்குக்கு அடியில். இவற்றில் எதைச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள், கவலை வேண்டாம்.

நாம் ஆங்கிலம் என்று நம்பிச் சொல்லும் சில தொடர்கள் அவர்களுக்குப் புரியாது என்பதையும் கவனியுங்கள். 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்', 'ப்ரீபோன்', 'டூ தி நீட்ஃபுல்' எல்லாம் நம் பக்கத்து வழக்கு. நமக்குள் பேசும்போது அவற்றில் ஒரு குற்றமும் இல்லை. வெளிநாட்டு டீமிடம் 'ஐ ஆம் அவே டில் ஃப்ரைடே' என்றோ, கூட்டத்தை எந்தத் தேதிக்கு மாற்றவேண்டும் என்றோ நேராகச் சொல்லிவிடுங்கள். 'மூவ் இட் ஃபார்வர்ட்' என்று அவர்களே சொன்னாலும் முன்னாலா பின்னாலா என்று அவர்களுக்குள்ளேயே குழப்பம் உண்டு. தேதியைக் கேட்டு வாங்குங்கள்.

நான்காம் படி: தமிழ்த் தொடரோடு ஒட்டிப் பாருங்கள், ஆனால் ஏமாறாதீர்கள்

சில தொடர்களுக்கு நம்மிடமே கச்சிதமான ஜோடி இருக்கிறது. 'க்ராக்கடைல் டியர்ஸ்' முதலைக் கண்ணீரேதான். 'வாஷ் யுவர் ஹேண்ட்ஸ் ஆஃப் இட்' கைகழுவிவிடுவது. 'ஆட் ஃப்யூயல் டு தி ஃபயர்' எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவது. 'கேரியிங் கோல்ஸ் டு நியூகாசில்' என்று கேட்டால் கொல்லன் தெருவில் ஊசி விற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நியூகாசில் நிலக்கரி ஏற்றுமதிக்குப் பேர்போன துறைமுகம், அங்கேயே கரியைக் கொண்டுபோவார்களா?

ஏமாற்றுகிற ஜோடிகள்தான் ஆபத்து. 'புல்லிங் மை லெக்' என்றதும் காலை வாரிவிடுவது என்று எடுத்துக்கொள்கிறோம். தமிழில் அது துரோகம். ஆங்கிலத்தில் வெறும் கேலி, கலாய்ப்பது. சக ஊழியர் 'ஐ வாஸ் ஜஸ்ட் புல்லிங் யுவர் லெக்' என்று சிரித்தால் அவர்மேல் கோபப்பட ஒன்றும் இல்லை. 'ஈட் யுவர் வேர்ட்ஸ்' என்பதும் நாம் சொல்லும் 'மென்று விழுங்கினான்' அல்ல. நம்முடையது சொல்லத் தயங்குவது, அவர்களுடையது சொன்னது தப்பு என்று ஒத்துக்கொள்வது. 'ப்ளே செகண்ட் ஃபிடில்' ஒத்து ஊதுவதும் இல்லை, ஜால்ரா போடுவதும் இல்லை. ஒருவருக்கு அடுத்த நிலையில் இருப்பது மட்டுமே. 'பட்டர்ஃப்ளைஸ் இன் மை ஸ்டமக்' வயிற்றில் புளியைக் கரைப்பதற்குக் கிட்டத்தில் வரும், ஆனால் அவ்வளவு பயம் அதில் கிடையாது. மேடை ஏறுவதற்கு முன் வரும் படபடப்பு, கொஞ்சம் சந்தோஷமும் கலந்தது.

ஐந்தாம் படி: எடை பார்த்துப் பேசுங்கள்

பட்டியல் புத்தகங்கள் கைவிடுகிற இடம் இது. 'கிக் தி பக்கெட்' என்றால் இறப்பது என்று போட்டிருக்கும். அது 'மண்டையைப் போட்டான்' என்பது போன்ற பேச்சு என்று போட்டிருக்காது. துக்க வீட்டுக்குப் போய் அப்படிச் சொல்வோமா? 'பாஸ்ட் அவே' என்று எழுதுங்கள், 'ஐ ஆம் ஸோ சாரி ஃபார் யுவர் லாஸ்' என்று சொல்லுங்கள். 

உடம்பு சரியில்லையென்று லீவு கேட்க 'ஃபீலிங் அண்டர் தி வெதர்' நல்ல தொடர், சளி, லேசான காய்ச்சலுக்கு. ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறவரைப் பற்றி அப்படிச் சொன்னால் அலட்சியமாகப் படும். 'இட்ஸ் நாட் ராக்கெட் சயின்ஸ்' சுலபமான வேலை என்ற பொருள்தான், ஆனால் எதிரில் இருப்பவருக்குப் புரியாதபோது சொன்னால் அவமானப்படுத்துவதாகும். 'வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட்' மரியாதைபோல் ஒலிக்கும். பிரிட்டிஷ்காரர் வாயிலிருந்து அது வந்தால், அடுத்து வருவது பெரும்பாலும் மறுப்பு.

ஆறாம் படி: உருவத்தை மாற்றாதீர்கள்

மரபுத்தொடரின் சொற்கள் கட்டிப்போட்டவை. பூனையும் நாயும்தான், நாயும் பூனையும் அல்ல. 'ஹேல் அண்ட் ஹார்ட்டி' என்பதுதான் தொடர், நாம் பலரும் 'ஹேல் அண்ட் ஹெல்தி' என்கிறோம். 'பீஸ் ஆஃப் கேக்' என்றால் சுலபமான வேலை, 'ஸ்லைஸ் ஆஃப் கேக்' என்றால் வெறும் கேக் துண்டு. இலக்கணத்தையும் இஷ்டத்துக்கு மாற்றமுடியாது. 'தி பீன்ஸ் வேர் ஸ்பில்ட்' என்று செயப்பாட்டு வினையில் சொன்னாலும் ரகசியம் வெளியானது என்ற பொருள் நிற்கும். 'தி பக்கெட் வாஸ் கிக்ட்' என்றால் யாரும் சாகவில்லை, யாரோ வாளியை உதைத்தார்கள். எந்தத் தொடர் வளையும், எது வளையாது என்பதற்கு விதி சொல்லித் தருவது கஷ்டம். கேட்ட உருவத்திலேயே திருப்பிச் சொல்வது பாதுகாப்பு.

ஏழாம் படி: ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்

தொடரையும் பொருளையும் மட்டும் எழுதினால் பயனில்லை. ஒரு பதிவு இப்படி இருக்கட்டும்:

தொடர்: பை க்ளோஸ் ஆஃப் ப்ளே.
கேட்ட இடம்: லண்டன் டீம் லீட் அனுப்பிய மெயில்.
முழு வாக்கியம்: 'குட் யூ செண்ட் இட் ஓவர் பை க்ளோஸ் ஆஃப் ப்ளே தர்ஸ்டே?'
பொருள்: வியாழக்கிழமை வேலை நேரம் முடிவதற்குள்.
நாடு: பிரிட்டன்.
நான் சொல்லலாமா: பிரிட்டிஷ் டீமிடம் மட்டும்.

முழு வாக்கியத்தை எழுதுவதுதான் இதில் முக்கியம். அகராதி பார்க்க கேம்பிரிட்ஜ், லாங்மன் இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தொடரை முழுசாகத் தட்டித் தேடுங்கள். பேச்சு வழக்கா, பழைய வழக்கா, பிரிட்டிஷா, அமெரிக்கனா என்று பக்கத்திலேயே குறிப்பு இருக்கும், அதைத் தாண்டிப் போகாதீர்கள். அமெரிக்க வழக்குக்கு மெரியம் வெப்ஸ்டர். காதுக்குப் பழக பிபிசி லேர்னிங் இங்கிலிஷில் 'தி இங்கிலிஷ் வீ ஸ்பீக்' என்ற நிகழ்ச்சியை நான் சிபாரிசு செய்வேன். ஒவ்வொன்றும் சில நிமிஷம்தான், பஸ்ஸில் போகும்போதே கேட்டு முடித்துவிடலாம்.

எட்டாம் படி: இப்போது பேசுங்கள், கொஞ்சமாக

வேறு வேறு ஆட்கள் வாயில் நீங்களே கேட்ட தொடரைத்தான் முதலில் சொல்லிப் பார்க்க வேண்டும். ஒரே ஒருவர் சொன்னது அவருடைய தனிப் பழக்கமாக இருக்கலாம். தொடங்குவதற்கு யாரையும் புண்படுத்தாத, இரண்டு நாட்டிலும் செல்லுகிற சில உண்டு: 'ஆன் தி சேம் பேஜ்', 'இன் தி லூப்', 'டச் பேஸ்', 'பீஸ் ஆஃப் கேக்'. முதலாவது, ஒரே புரிதலில் இருப்பது. இரண்டாவது, தகவல் போகிற ஆட்களில் ஒருவராக இருப்பது. 'கீப் மீ இன் தி லூப்' என்றால் எனக்கும் தெரியப்படுத்துங்கள். மற்ற இரண்டும் மேலே வந்தாயிற்று.

முதலில் சாட்டிலும் நேர்ப்பேச்சிலும் முயன்று பாருங்கள். ஒரு மெயிலில் ஒன்றுக்குமேல் வேண்டாம். ஒப்பந்தம், தேவைக் குறிப்பு, பிழை அறிக்கை இவற்றில் ஒன்றுகூடப் போடாதீர்கள். அதே ஆவணத்தை அடுத்த வருஷம் ஜப்பானிலோ பிரேசிலிலோ ஒருவர் படிக்கக்கூடும், உங்களிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள அவருக்கு வழி இருக்காது.